ஆளில்லாத இரண்டாவது என்ஜின்

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் சித்தப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். நீளமான ரயில் ஒன்று வந்து நின்றது. முன்னால் ரெண்டு டீசல் என்ஜின்கள், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல. முதல் என்ஜினில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாவதில் எட்டி எட்டிப் பார்த்தேன், யாருமே இல்லை. ஆனால் அதுவும் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

“சித்தப்பா, பின்னாடி என்ஜினை யாரு ஓட்டறாங்க?”

“முன்னாடி இருக்காரே, அவர்தான்.”

“அவரு அங்கல்ல உக்காந்திருக்காரு?”

சித்தப்பா டீ வாங்கப் போய்விட்டார். அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்று நான் பார்த்த என்ஜின் மாடல் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது. ஸ்கெனெக்டடி நகரத்தின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து 1962ல் இந்தியா வாங்கத் தொடங்கி, பிறகு வாரணாசியில் நாமே ஆயிரக்கணக்கில் செய்துகொண்ட டபிள்யூ.டி.எம்-2. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க ரயில் வரலாற்றுக்குள் போனேன். போனால், என் கேள்வியை அங்கே எனக்கு முன்பே பெரிய மனிதர்கள் கேட்டிருந்தார்கள். கம்பெனி முதலாளிகள், தொழிற்சங்கங்கள், விசாரணைக் குழுக்கள், கடைசியில் நாடாளுமன்றம்வரை. இரண்டு என்ஜினைச் சேர்த்துக் கட்டி ஒருவர் ஓட்டினால் அது ஒரு என்ஜினா, ரெண்டு என்ஜினா? எனக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு அது சம்பளம்.

நீராவிக் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. மலை ஏற்றத்திலோ, பெட்டிகள் அதிகமானாலோ இரண்டு நீராவி என்ஜின்களை முன்னால் பூட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவர், ஒரு ஃபயர்மேன். மொத்தம் நான்கு பேர். நீராவி என்ஜினைத் தூரத்திலிருந்து ஓட்ட முடியாது. நெருப்பைப் பார்த்து, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு ஓட்ட வேண்டிய மிருகம் அது. முன் டிரைவர் விசில் அடிப்பார், பின் டிரைவர் புரிந்துகொண்டு நெம்புகோலைத் திறப்பார். அதனால் எந்தக் கம்பெனியும் முடிந்தவரை ஒற்றை என்ஜினையே பெரிதாக்கிக்கொண்டு போனது. இன்னொரு என்ஜின் என்றால் இன்னும் இரண்டு ஆள் கூலி.

டீசல் வந்தபோது கதை தலைகீழ். டீசலைப் பெரிதாக்க முடியவில்லை.

1934 மே 26 அன்று பர்லிங்டன் கம்பெனியின் ‘செஃபிர்’ டென்வரிலிருந்து சிகாகோவரை 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் கடந்தது. நாடே வாயைப் பிளந்தது. துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று மூன்றே மூன்று பெட்டிகள், 600 குதிரைசக்தி வின்டன் டீசல். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது ரயில் அல்ல, ஒரே பொருள். என்ஜினும் பெட்டிகளும் பிரிக்க முடியாதபடி இணைந்தவை. என்ஜினில் கோளாறு என்றால் மொத்த ரயிலும் ஷெட்டுக்குப் போக வேண்டும். கூட்டம் அதிகமா? இன்னொரு பெட்டி சேர்க்க முடியாது. வழக்கமான கனமான பெட்டிகள் பத்து, பன்னிரண்டை 600 குதிரைசக்தி இழுக்கவும் இழுக்காது.

அந்த வின்டன் 201 வகை என்ஜினும் அவ்வளவு நம்பகமானதல்ல. அதன் முதல் மாதிரிகளை 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியபோது இரவெல்லாம் கூட இருந்து ரிப்பேர் பார்த்தவர் யூஜீன் கெட்டரிங் என்ற பொறியாளர். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி தொந்தரவு கொடுத்ததாக மட்டும் தனக்கு நினைவில்லை என்று பின்னாளில் கிண்டலாகச் சொன்னார்.

ஆக கையில் இருப்பது சின்ன என்ஜின். அதுவும் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாதது. இதை வைத்துக்கொண்டு சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ்வரை இரண்டாயிரத்து இருநூறு மைலுக்குமேல், பாலைவனமும் மலையும் தாண்டி, சினிமா நட்சத்திரங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று சாண்டா ஃபே கம்பெனி முடிவு செய்தது. துணிச்சல்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு கட்டாயமும் இருந்தது. அந்த வழியில் நல்ல தண்ணீர் கிடையாது. நீராவி என்ஜின்கள் குடிப்பதற்கென்றே பாலைவனத்துக்குள் தொட்டி வண்டிகளில் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

1935ல் ஜெனரல் மோட்டார்ஸின் கிளைக் கம்பெனியான இ.எம்.சி. அவர்களுக்குச் செய்து கொடுத்தது ஒரு ஜோடி. இரண்டு சதுரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 900 குதிரைசக்தி வின்டன் என்ஜின் இரண்டு. மொத்தம் நான்கு என்ஜின், 3,600 குதிரைசக்தி. அழகு என்று சொல்ல முடியாது, இரண்டு இரும்பு அலமாரிகள் மாதிரி இருந்தன. 1936 மே 12 அன்று இந்த ஜோடிதான் முதல் ‘சூப்பர் சீஃப்’ ரயிலை சிகாகோவிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. அட்டவணை 39 மணி 45 நிமிடம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஓடியது, ஏனென்றால் அப்படி ஓட்ட அவர்களிடம் இருந்தது இந்த ஒரே ஜோடி.

நான்கு என்ஜின் ஏன் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒன்று படுத்தால் மூன்று இழுக்கும். இரண்டு படுத்தாலும் ரயில் நிற்காது, தாமதமாகப் போய்ச் சேரும். உள்ளே மெக்கானிக்குகள் பயணம் செய்தார்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு என்ஜினை நிறுத்தி, சூட்டோடு சூடாகப் பழுது பார்த்து, மறுபடியும் கிளப்புவார்கள். மெத்தைப் படுக்கையில் தூங்கும் பயணிக்கு இது எதுவுமே தெரியாது. பேர் வைத்த ரயில் என்பதே அப்படி ஒரு வாக்குறுதிதானே. நம்மூர் வைகை, பாண்டியனுக்கு இருக்கும் செல்லத்தைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ‘சூப்பர் சீஃப்’ பாதிவழியில் நின்றது என்று பேப்பரில் வந்தால் கம்பெனியின் மானம் போச்சு. நம்பிக்கையில்லாத ஒரு இயந்திரத்தை வைத்து நம்பிக்கையை விற்க வேண்டும், அதற்கு ஒரே வழி ஜோடி சேர்ப்பது.

இந்த ஜோடிக்கு வைத்த செல்லப்பெயர்களில் ஒன்று ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’. அன்றைய அமெரிக்காவின் மிகப் பிரபலமான ரேடியோ நகைச்சுவை ஜோடி அது. கதையில் ஏமஸும் ஆண்டியும் கறுப்பர்கள். குரல் கொடுத்த இருவரும் வெள்ளையர்கள். இதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் சித்தப்பா சொல்லாமல் விட்ட பதிலுக்கு வருவோம். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பதை எப்படி ஓட்டுகிறார்?

இதற்கான யோசனை டீசலைவிடப் பழையது. 1897ல் சிகாகோவின் தூண்பாலத்து ரயிலுக்காக ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. மின்சார ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார் இருக்கட்டும். ஆனால் முதல் பெட்டியில் இருக்கும் ஒரு கைப்பிடி எல்லாவற்றையும் ஆட்டுவிக்கட்டும். பெரிய மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்ப வேண்டாம், சின்ன சமிக்ஞை போதும். அந்தந்தப் பெட்டியில் இருக்கும் சுவிட்சுகள் அதைக் கேட்டு அந்தந்த மோட்டாரை இயக்கும். வேலை எவ்வளவு எளிது என்று காட்ட ஸ்பிரேக் தன் சின்னப் பையனையே உட்கார வைத்து ஓட்டச் சொன்னாராம். விளம்பரம் என்பது வேறு விஷயம், ஆனால் அந்தக் காட்சியில் எல்லாமே இருக்கிறது.

டீசல் என்ஜின் என்று நாம் சொல்வதும் உண்மையில் நடமாடும் மின் நிலையம்தான். டீசல் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, மின்சாரம் சக்கரத்து மோட்டாரைச் சுற்றுகிறது. அதனால் ஸ்பிரேக்கின் வித்தை இங்கே அப்படியே பொருந்தியது. முன் டிரைவர் கைப்பிடியை அடுத்த நாட்ச்சுக்குத் தள்ளினால், கேபிள் வழியாகப் பின்னால் இருக்கும் எல்லா என்ஜினுக்கும் அதே உத்தரவு போகும். எத்தனை என்ஜின் என்பது டிரைவரின் கைக்குத் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் பின்னால் வரும் என்ஜினுக்கு முகம் எதற்கு, ஜன்னல் எதற்கு, இருக்கை எதற்கு? 1937ல் வந்த அடுத்த தலைமுறையில் இந்தக் கேள்விக்கு இரும்பிலேயே பதில் சொன்னார்கள். அதே சாண்டா ஃபேவுக்கு இ.எம்.சி. செய்த ஈ-1 வகை. சாய்ந்த மூக்கு, சிவப்பு முகம், வெள்ளி உடல். லேலண்ட் நிக்கர்பாக்கர் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் தீட்டிய வண்ணம் அது, இன்றைக்கும் பொம்மை ரயில் டப்பாக்களில் இருப்பது அதுதான். இதில் ‘ஏ’ யூனிட் என்றால் முகமும் டிரைவர் அறையும் உண்டு. ‘பி’ யூனிட் முகமில்லாதது. ஷெட்டுக்குள் நகர்த்துவதற்குச் சின்னக் கட்டுப்பாடு இருக்கும், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பயணிப் பெட்டி மாதிரி இருக்கும்.

சாண்டா ஃபே வாங்கியது ஏ எட்டு, பி மூன்று. நீளமான ‘சூப்பர் சீஃப்’புக்கு ஏ-பி ஜோடி. குட்டி ரயில்களுக்கு ஏ மட்டும் தனியாக. இதுதான் புதிய கணக்கு: ரயிலுக்குத் தகுந்த என்ஜினைத் தேடாதே, துண்டுகளைக் கூட்டிக்கொள். அதே காலத்தில் சிகாகோவிலிருந்து மேற்குக் கரைக்குப் போன ‘சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ’வுக்கும் ‘சிட்டி ஆஃப் லாஸ் ஏஞ்சலஸ்’ஸுக்கும் ஏ-பி-பி என்று மும்மூன்றாகக் கோத்தார்கள், 5,400 குதிரைசக்தி. ஃபுளோரிடாவுக்குப் பணக்காரர்களைக் குளிர்காலத்தில் ஏற்றிப்போன சீபோர்டு கம்பெனியின் ‘ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்’ ஏ-பி-ஏ.

முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் கணக்கு இருந்தது. ஏ-பி ஜோடி ஊர் போய்ச் சேர்ந்ததும் சுழல்மேடையில் திருப்பியாக வேண்டும். இரண்டு ஏ முதுகோடு முதுகாக இருந்தால் திருப்பவே வேண்டாம், டிரைவர் மறுமுனைக்கு நடந்துபோனால் போதும். ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் காசு. கஞ்சத்தனம் உள்ள கம்பெனி பி வாங்கியது, அவசரம் உள்ள கம்பெனி ஏ வாங்கியது என்று நானாக ஒரு விதி வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் பொருந்தாது.

எல்லாக் கல்யாணமும் நிலைக்கவும் இல்லை. நீராவிக் காலத்து ஜாம்பவான் பால்டுவின் கம்பெனி தன் டீசல்களின் கைப்பிடியை மின்சாரத்துக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தில் இயங்க வைத்தது. விளைவு, பால்டுவின் என்ஜின் பால்டுவினோடு மட்டும்தான் ஜோடி சேரும். இன்னொரு கம்பெனி என்ஜினோடு கேபிள் மாட்ட வழியில்லை. பென்சில்வேனியா ரயில்வே அவர்களிடம் 3,000 குதிரைசக்தி கொண்ட, சக்கரங்கள் அடுக்கடுக்காக இருந்ததால் ‘பூரான்’ என்று பெயர் வாங்கிய என்ஜின் 24 வாங்கியது. பன்னிரண்டு ஜோடியாக, நிரந்தரமாகப் பிணைத்து. நீண்டதூர எக்ஸ்பிரஸ்களுக்கென்று வந்தவை சில வருடங்களிலேயே மலையேற்றத்தில் சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளும் வேலைக்கு இறக்கப்பட்டன. 1956ல் பால்டுவின் என்ஜின் செய்வதையே நிறுத்திவிட்டது. சேர்ந்து ஓடத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது எண்களைப் பாருங்கள். இந்த விஷயத்தில் எனக்கு முதலில் பொறி தட்டியது அங்கேதான்.

சாண்டா ஃபேயின் முதல் ஜோடிக்கு எண் 1, 2 என்று போடவில்லை. 1, 1ஏ என்றுதான் போட்டார்கள். ஈ-1 ஜோடிகள் 2, 2ஏ, 3, 3ஏ. பிறகு நான்கு யூனிட் கோத்த சரக்கு என்ஜின் வந்தபோது நான்குக்கும் ஒரே எண், 100. பின்னால் வெவ்வேறு எழுத்து. தனித்தனியாகக் கழற்றக்கூடிய பொருட்களுக்கு ஏன் ஒரே எண்? ஏனென்றால் எண் என்பது ஒரு வாதம். ‘இது ஒரு என்ஜின். ஒரு என்ஜினுக்கு ஒரு டிரைவர், ஒரு ஃபயர்மேன். உங்கள் ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.’ சில கம்பெனிகள் ஒரு படி மேலே போய், ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் சாதாரணக் கப்ளிங் வைக்காமல் இரும்புத் தண்டால் பிணைத்தார்கள். கழற்ற முடியாவிட்டால் ஒன்றுதானே!

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. நெருப்பே இல்லாத என்ஜினில் ஃபயர்மேன் எதற்கு என்று கம்பெனிகள் கேட்க, 1937ல் ஒரு தேசிய ஒப்பந்தம் வந்தது: பேர் வைத்த வேக ரயில்கள் உட்பட முக்கியப் பாதை டீசல்களில் ஃபயர்மேன் உண்டு. ஒருவர். அடுத்து, யூனிட்டுகள் கூடக் கூட ஆளும் கூட வேண்டாமா என்று டிரைவர் சங்கமும் ஃபயர்மேன் சங்கமும் கேட்டன. பின்னால் இருக்கும் என்ஜின் அறையைக் கவனிக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்றன. 1949ல் அமெரிக்க ஜனாதிபதி அமைத்த விசாரணைக் குழுக்கள் முடியாது என்றன. இன்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சங்கங்கள் சோம்பேறித்தனத்துக்குச் சம்பளம் கேட்டதாகத் தோன்றும். அப்படி எழுதியவர்கள் அன்றும் நிறையப் பேர். நானும் பாதிவழிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் நான்கு பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்ததில் மிச்சமானது யாருக்குப் போனது என்ற கேள்வி அவர்களுடையதும்தான்.

ஆனால் இதே சங்கத்துக்கு இன்னொரு முகம் இருந்தது.

தென் மாநிலங்களில் நீராவி என்ஜினின் இடதுபக்கம் கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் கறுப்பர்கள். வெக்கை, தூசி, முதுகொடியும் வேலை. வெள்ளையர்களுக்கு அது ஒரு படி. சில வருடம் கரி அள்ளினால் டிரைவர் ஆகலாம். கறுப்பர் என்றால் அந்தப் படி ஏற விடமாட்டார்கள். முப்பது வருடம் அனுபவம் இருந்தாலும் ஃபயர்மேன்தான். ஃபயர்மேன் சங்கத்தில் உறுப்பினராகவும் முடியாது. ஆனால் அவர்கள் சார்பாகக் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசும் உரிமை சட்டப்படி அந்தச் சங்கத்துக்குத்தான்.

முதலில் இயந்திரமே கரி தள்ளும் ஏற்பாடு வந்தது. பிறகு டீசல். இடதுபக்க இருக்கை திடீரென்று உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் இருக்கையாக மாறியது. அழுக்காக இருந்தவரை யாரும் போட்டிக்கு வராத வேலை. 1941ல் தென்கிழக்கின் ரயில் கம்பெனிகளும் சங்கமும் ஒரு ஒப்பந்தம் போட்டன. ‘பதவி உயர்வுக்குத் தகுதியற்ற’ ஃபயர்மேன்கள் எந்தப் பிரிவிலும் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. கறுப்பர் என்ற வார்த்தையே அதில் தேவைப்படவில்லை.

அலபாமாவில் லூயிவில் அண்ட் நாஷ்வில் கம்பெனியின் ஃபயர்மேன் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல். பயணி ரயில் பிரிவில் இருந்தார். அந்தக் குழுவில் ஐந்து கறுப்பர், ஒரு வெள்ளையர். சம்பளமும் நேரமும் நல்ல வேலை. 1941 ஏப்ரலில் அந்த இடங்கள் எல்லாம் காலி என்று அறிவித்தார்கள். கறுப்பர்கள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டு, ஸ்டீலைவிடப் பணிமூப்பு குறைந்த நான்கு வெள்ளையர்களைப் போட்டார்கள். ஸ்டீலுக்குப் பதினாறு நாள் வேலையே இல்லை. பிறகு கொடுத்தது உள்ளூர் சரக்கு ரயில். கூடுதல் நேரம், கடினமான வேலை, குறைந்த கூலி. அவர் அப்போது இழந்தது நீராவி என்ஜினின் இடம்தான், டீசலில் அல்ல. ஆனால் டீசல் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வருடமே வந்தது. 1942ல் அதே கம்பெனி, கரி ஏற்றிப் பிழைத்துவந்ததால் டீசல் பக்கமே போகத் தயங்கிய கம்பெனி, 16 ஈ-6 என்ஜின்கள் வாங்கியது. எல்லாமே ஏ யூனிட். எட்டு ஜோடி. எண்கள் 450ஏ, 450பி என்று தொடங்கி 457வரை. பி என்று எழுதியிருந்தாலும் அதற்கும் முகம் உண்டு, டிரைவர் அறை உண்டு. சின்சினாட்டியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ‘பான்-அமெரிக்கன்’ போன்ற பேர் வைத்த ரயில்களை இந்த ஜோடிகள் இழுத்தன. அந்தப் பாதை ஸ்டீலின் அலபாமா வழியாகத்தான் போகிறது. ஒரு ஜோடியில் டிரைவர் இருக்கை இரண்டு, ஃபயர்மேன் இருக்கை இரண்டு. எண் ஒன்று என்பதால் ஆள் இரண்டே பேர். பின் அறையில் இரண்டு இருக்கைகள் காலியாகவே பல நூறு மைல் பயணம் செய்தன.

ஸ்டீல் வழக்குப் போட்டார். அலபாமா நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் வாதாடினார். 1944 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு. எல்லோருக்காகவும் பேசும் உரிமையைச் சட்டத்திடமிருந்து வாங்கிக்கொண்ட சங்கம், உறுப்பினரல்லாத சிறுபான்மைக்கும் பாரபட்சம் இல்லாமல் பேசக் கடமைப்பட்டது. சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை.

தொழிலாளர் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரயில் ரசிகர்களின் புத்தகங்களில் ஈ-6 ஜோடிகள் பற்றி வரும் பக்கங்களில் மட்டும் ஸ்டீலை நான் பார்த்ததில்லை. வண்ணம் இருக்கும், குதிரைசக்தி இருக்கும், எண் இருக்கும்.

அந்த இடதுபக்க இருக்கையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தலையிட்டு விவகாரத்தைக் கட்டாய நடுவர் குழுவுக்கு அனுப்பியது. சரக்கு ரயில்களிலும் யார்டுகளிலும் பத்தில் ஒன்பது ஃபயர்மேன் வேலைகளை எடுத்துவிடலாம் என்று குழு சொன்னது. பேர் வைத்த பயணி ரயில்கள் அந்தத் தீர்ப்புக்குள் வரவில்லை. ஆனால் அந்த ரயில்களே அதற்குள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. ‘பான்-அமெரிக்கன்’ 1971ல் நின்றது.

போன மாதம் சித்தப்பாவைப் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “அந்த ஸ்டீலுக்கு அப்புறம் பழைய வேலை கிடைச்சுதா?” என்றார். டீசல் பற்றியோ கேபிள் பற்றியோ அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.